பதினாறு அடிக்கு ஓர் அலை

செந்தாழைத்துறையில் கடல் ஒரு கறுப்புப் பெட்டியின் பேச்சைக் கேட்டு நடந்த பத்து மாதங்களைப் பற்றி இப்போது அந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை, வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் "அது அந்த வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்; ஆனாலும் அது நடந்தது, அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரும் கண்ணால் கண்டார்கள், அதன் தொடக்கம் ஆனி மாதத்துச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றில் டெல்பினா என்பவள் ஒரு வயரை எடுத்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாட்டியதுதான்.

டெல்பினாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வாரநாளில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின், ஞாயிறும் திருநாளும் சவேரியார் கோயிலில் கீபோர்டு, இரண்டுக்கும் நடுவே கடலுக்குப் போய் வரும் புருசன் கஸ்பாருக்குச் சோறு. கோயிலில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த ஆள் மஸ்கட்டுக்குப் போன பிறகு பாடகர் குழுவின் பாட்டு நொண்டத் தொடங்கியது. மீன் ஏலம் கூறிப் பழகிய தொண்டையோடு சலேத்மேரி முன்னால் ஓட, மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் டெல்பினாவின் விரல்கள் யாரோடு போவதென்று தெரியாமல் தவிக்கும். அதனால்தான் நாகர்கோவிலில் மெல்லிசைக் குழு நடத்தி அதைக் கலைத்துவிட்டிருந்த சிகாமணியிடமிருந்து பழைய டிரம் மெஷின் ஒன்று கோயிலுக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கறுப்புப் பெட்டி, வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், வேகத்தை எண்ணாகக் காட்டும் சின்னக் கண்ணாடி, மூலையில் அடிக்கு ஒருதரம் மின்னும் சிவப்பு விளக்கு.

அதைக் கீபோர்டோடு எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிகாமணிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், பெட்டிக்குப் பின்னால வட்டமா ரெண்டு ஓட்டை இருக்கும். உள்ள அஞ்சு புள்ளி. பாத்தீங்களா?"

"இருக்கு அண்ணே. ஒண்ணுல அவுட்னு போட்டிருக்கு, ஒண்ணுல இன்."

"அந்த அவுட்ல வயரோட ஒரு முனைய மாட்டுங்க. மத்த முனைய கீபோர்டுல இன்னுன்னு இருக்கில்லா, அதுல. மாத்தி மாட்டிராதீங்க. ரெண்டு பெட்டியும் ஒண்ணா ஓடணும்னா ஒண்ணு தாளம் சொல்லணும், இன்னொண்ணு கேக்கணும். ரெண்டும் சொன்னா சண்டை. ரெண்டும் கேட்டா ஒண்ணும் நடக்காது."

"இந்த வயர் வழியாத்தான் சத்தம் போவுமா?"

"சத்தம் போவாது சிஸ்டர். நேரம் மட்டும்தான் போவும்."

அவள் மாட்டினாள். கோயிலை ஒட்டிய சின்ன அறை அது, கடலைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். வேகத்தைத் தொண்ணூற்றாறில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி அடித்தது, கீபோர்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது, குழு பாடியது, சலேத்மேரிகூட அன்று ஓடவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் சலேத்மேரி பாடுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"டெல்பி, அத நிப்பாட்டு."

நிறுத்தினாள்.

"இப்பப் போடு."

போட்டாள்.

"கடலு ஒம் பெட்டிக்கு வருதுட்டி," என்றாள் சலேத்மேரி, வாசலில் பால்காரன் வருகிறான் என்று சொல்வதைப் போல.

எல்லோரும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். பெட்டி பதினாறு அடி அடித்து முடித்து மறுபடி ஒன்றுக்குத் திரும்பும் அந்த முதல் அடியில் அலை கரையில் விழுந்தது, மறுபடி பதினாறு, மறுபடி ஓர் அலை, முன்னும் இல்லை பின்னும் இல்லை, பத்து விநாடிக்கு ஒன்றாக, ஒரே உயரத்தில், ஒரே சத்தத்தில். ஒலிபெருக்கியை அணைத்துப் பார்த்தார்கள்; அலை அப்படியே வந்தது. டிரம் மெஷினைத் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். கடல் தன் இஷ்டத்துக்குப் புரண்டது. கீபோர்டைத் தனியாக வாசித்தாலும் அப்படித்தான். வயர் இருபுறமும் மாட்டியிருந்தால் மட்டுமே கடல் கேட்டது. அதைத் தெரிந்துகொண்டபின் குழு மிச்சமிருந்த மூன்று பாட்டையும் பாடிப் பார்த்துவிட்டு, மறுநாள் பூசைக்கு எந்தச் சேலை என்று பேசியபடி வீட்டுக்குப் போனது.

டெல்பினா மட்டும் பெட்டியை ஓடவிட்டபடி அறையில் இருந்தாள். இரண்டு வருசத்துக்கு முன் கடல் சீறும் இதே கச்சான் காற்றுக் காலத்தில், இதே ஜன்னலுக்கு நேரே, கரையிலிருந்து கல்லெறியும் தூரத்தில் அலை மடங்கும் இடத்தில் அவளுடைய தம்பி ஜெரால்டின் வள்ளம் கவிழ்ந்தது; ஊரே மணலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் கை இரண்டுமுறை மேலே வந்தது, மூன்றாம் முறை வரவில்லை. செந்தாழைத்துறைக்காரர்களை நடுக்கடல் கொன்றது குறைவு, இந்த வாசற்படிதான் கொன்றது. பாடகர் குழு கலைந்த இந்தச் சாயங்காலம் கஸ்பார் கடலிலிருந்து வீட்டுக்கு வந்தான், உடம்பில் பொட்டு ஈரம் இல்லை. "ரோட்டுல வாற மாதிரி வந்தேன் டெல்பி," என்றான். "ஒரு அலை போச்சு, அடுத்தது வாறதுக்குள்ள கரை." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அறைக்குத் திரும்பிப் போய், ஒலியைக் குறைத்து, பெட்டியை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அந்த எண்ணுக்குப் பழகியது. வள்ளத்தைத் தள்ளுகிறவர்கள் வாய்க்குள் எண்ணுவார்கள், பதினான்கில் தோள் கொடுப்பார்கள், ஒன்றில் அலை உடையும், அடுத்த ஒன்று வருவதற்குள் வள்ளம் அலைவாயைத் தாண்டி வெள்ளைத் தண்ணீரைவிட்டு நீலத் தண்ணீருக்குப் போயிருக்கும். பெண்கள் கரையில் மீன் கழுவும்போதும் அதே கணக்கு. தொட்டிலை ஆட்டுகிற கையும் அதே கணக்கு. கடலுக்குப் போகப் பயந்துகொண்டிருந்த ஏழு இளவட்டங்கள் அந்தக் கச்சானில் முதன்முதலாக வள்ளம் ஏறினார்கள். சலேத்மேரியின் மகன் ரெனால்டு அவர்களில் ஒருவன், இருபது வயது, கஸ்பாரின் வள்ளத்தில் ஆளாகச் சேர்ந்தான். பெட்டிக்கு மின்சாரம் நின்றுவிடாமலிருக்க பேட்டரி வந்தது. பங்குச்சாமியார் லியோ, ஆயருக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தார், ஏற்கெனவே வேதத்தில் ஒருதரம் கடல் ஒருவர் பேச்சைக் கேட்டிருக்கிறதே, அதற்கு யார் யாருக்கு எழுதினார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பெட்டியின் மேல் தீர்த்தம் தெளிக்க வந்தவர் மின்சாரச் சாமான் என்பதால் சுவரின் மேல் தெளித்துவிட்டுப் போனார். மீன்துறையிலிருந்து ஒருவர் வந்து கரையில் அரைமணி நேரம் நின்றார். கடல் சாந்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

சண்டையும் வந்தது. வலை இழுப்பவர்கள் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள், ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வரும் நேரத்துக்கு மட்டும் கூட்டச் சொன்னார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் மச்சாது கூட்டம் போட்டு, தொண்ணூற்றாறை யாரும் தொடக்கூடாது என்று முடிவு செய்து, டிரம் மெஷினைக் கம்பி வலை போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். கீபோர்டு ஞாயிறுதோறும் வாசிக்க வேண்டியது என்பதால் அது வெளியே இருந்தது. அலமாரியிலிருந்து வயர் மட்டும் வாலைப் போல வெளியே வந்து கீபோர்டுக்குள் போனது.

பூட்டுவதற்கு முன் கமிட்டி இன்னொன்றையும் கேட்டது. பெட்டியில் பெரிய மத்தளத்தின் ஒலிக்கென்று தனியாக ஒரு திருகு இருந்தது. அதைக் குறைத்தால் அலையின் உயரம் குறையும் என்று டெல்பினாவே கண்டுபிடித்திருந்தாள், கண்டுபிடித்ததைச் சொல்லியும்விட்டாள். "முழங்கால் உயரம் போதும் மகளே," என்றார் மச்சாது. அவருக்கு எழுபது நெருங்கியது, மூட்டுவலிக்காரர், இளவயதில் நல்ல நீச்சல்காரர், அலையில் போனவர்களின் உடம்பைத் தேடி எடுப்பது ஊரில் அவர் வேலையாகவே இருந்தது. அவள் திருகைக் குறைத்தாள். கச்சான் ஊளையிட்டுக்கொண்டிருந்த அந்த நடு ஆடியில் செந்தாழைத்துறைக் கடல் குளம்போலக் கிடந்து, பதினாறு அடிக்கு ஒருதரம் முழங்காலை மட்டும் நனைத்தது.

வராத அலைகள் எங்கே போயின என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் கஸ்பார் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பன்னெண்டு பாகம் ஆழத்துல தண்ணி மேடா இருக்கு," என்றான்.

"மேடுன்னா?"

"அலைதான். பெரிய அலை. ஆனா வரல. நிக்கி."

"நிக்குதுன்னா எப்படிங்க? அலை எப்படி நிக்கும்?"

"நிக்கிட்டி. நான் என்னத்தச் சொல்ல? மாடு கட்டுத்தறியில நிக்காப்புல நிக்கி."

தெற்கே பாறைத்திட்டிலிருந்து வடக்கே உப்பாற்று முகம்வரை, ஊரின் அகலத்துக்கு மட்டும், அந்தத் தண்ணீர் நின்றது. முதலில் பனை உயரம், கார்த்திகையில் கோபுர உயரம், மார்கழியில் அதற்கு உவமை சொல்ல அந்தக் கரையில் எதுவும் இருக்கவில்லை. தூத்துக்குடிக்குப் போகும் கப்பல்கள் அதன் அருகிலேயே போயின. கப்பல்காரர்கள் யாரும் எதையும் கண்டதாகச் சொல்லவில்லை. கிழக்கில் அது நின்றதால் செந்தாழைத்துறைக்குச் சூரியன் தாமதமாக வந்தது: முதலில் நான்கு நிமிடம், பிறகு கால்மணி நேரம், தைப்பூசம் தாண்டியபோது பக்கத்து ஊரில் நிழல் குட்டையாகிவிட்ட பிறகுதான் இங்கே வெயில் விழுந்தது. காலைப் பூசை மணியைத் தள்ளி வைத்தார்கள். கோழிகள் குழம்பிப்போய் ஒரு வாரம் கூவாமல் இருந்து, பிறகு புது நேரத்துக்குக் கூவின. கருவாடு காயப் பிந்தியது. பெண்கள் தட்டிகளை மேற்கே நகர்த்திக்கொண்டார்கள். அதன் காலடியில், நிழல் விழுந்த குளிர்ந்த தண்ணீரில், சீலா மீனும் ஊளி மீனும் கூட்டம் கூட்டமாய் வந்து நின்றதால் ஊரே அங்கேதான் வலை போட்டது. கண்ணாடிச் சுவருக்குள் மீன் ஓடுவதைப் போல மேலே தண்ணீருக்குள் மீன்கள் போவது தெரியும் என்றான் ரெனால்டு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தான்.

டெல்பினா சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் கீபோர்டில் உட்காரும்போது கம்பி வலைக்குள் சிவப்பு விளக்கு மின்னுவதை அவள் பார்ப்பாள், அது தன்னைப் பார்ப்பதாகவும் நினைப்பாள். மாசி மாதம் முதல் ஞாயிறு, திருப்பலிக்கு முன்னால், சின்னக் கண்ணாடியில் தொண்ணூற்றைந்து என்றிருந்தது. மச்சாது தொட்டிருப்பார் என்று நினைத்தாள். மறுநாள் வேண்டுமென்றே போய்ப் பார்த்தாள், தொண்ணூற்று நான்கு. சாவி மச்சாதின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

சிகாமணிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், எண்ணுக்குக் கீழ பொடி எழுத்துல ஒண்ணு எரியும். அதப் பாருங்க. 'இன்ட்'னு இருந்தா பெட்டி தன் தாளத்துல ஓடுதுன்னு அர்த்தம். 'எக்ஸ்ட்'னு இருந்தா வெளிய வேற யார்ட்டயோ தாளம் வாங்கி ஓடுது."

அவள் கம்பி வலையில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். "எக்ஸ்ட்னு இருக்கு அண்ணே."

"அப்ப அதோட இன்னுல ஏதோ மாட்டியிருக்கீங்க."

"இன்னுல ஒண்ணும் மாட்டல. ஓட்டை காலியா இருக்கு. எனக்கு நல்லாத் தெரியுது."

"அப்படி இருக்காது சிஸ்டர்," என்றார் சிகாமணி, "யாரோ சொல்லாம அது கேக்காது."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். முழங்கால் உயர அலை ஒன்று விழுந்தது, பத்து விநாடியைக் கொஞ்சம் தாண்டி அடுத்தது விழுந்தது, அதற்குப் பின்னால் கிழக்கு முழுதும் நின்றுகொண்டிருந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். கடல்தான் இப்போது தாளம் சொல்கிறது, பெட்டி கேட்கிறது என்றாள். நாளுக்கு நாள் எண் இறங்குகிறது, என்றைக்காவது ஒன்றில் போய் நிற்கப் போகிறது, அன்று என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றாள். பேட்டரி பழசாகியிருக்கும் என்றார் ஒருவர். வயரைப் பிடுங்கிவிடலாமா என்றார் இன்னொருவர்; அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கிழக்குச் சுவரைப் பார்த்தார்கள், அதற்குப்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எண் இறங்குவதால் அலைகளுக்கு நடுவே நேரம் கூடுகிறது, வள்ளம் தள்ள இன்னும் வசதிதானே என்று ஒருவர் சொன்னதும் கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்து கஸ்பாரிடம் சொன்னாள்.

"இங்கேருங்க, கொஞ்ச நாள் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருப்போமா?"

"மீனு பாடு இப்படி என் ஆயுசுல பாத்ததில்ல டெல்பி. பிடிச்சுத் தாறத விட்டுட்டு எங்க போவ?"

"அது நமக்குப் பிடிச்சுத் தரல. நம்மள அங்க கூப்பிடுது."

அவன் கை கழுவ எழுந்தான்.

தவக்காலம் முழுதும் எண் இறங்கியது. எண்பது, அறுபத்தைந்து, ஐம்பது. அலைக்கும் அலைக்கும் நடுவில் மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது, அந்த மௌனத்தில் ஊர் பேசுவதை நிறுத்தி அடுத்த அலைக்காகக் காத்திருந்தது, பாதி வாக்கியத்தில் நின்றவர்கள் அலை விழுந்த பிறகே மீதியைச் சொன்னார்கள். பெரிய வியாழன் வந்தபோது புதுச் சிக்கல்: அன்று முதல் உயிர்ப்புத் திருப்பலிவரை கோயிலில் வாத்தியம் ஒலிக்கக் கூடாது, மணிகூட அடிக்காமல் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், அப்படியிருக்கச் சத்தமில்லாமல் ஓடுகிற பெட்டி வாத்தியமா இல்லையா என்று கோயில் முற்றத்தில் ஒருமணி நேரம் வாதாடினார்கள். சத்தம் இல்லாதது வாத்தியம் ஆகாது என்று மச்சாது தீர்த்தார்.

அன்று பிற்பகல் டெல்பினா லியோ சாமியாரைத் தனியாகப் பார்த்தாள்.

"சாமி, நாளைக்குச் சிலுவைப்பாதை தேரிக் குருசடிக்குத்தானே போவுது?"

"எப்பவும் அங்கதானேம்மா."

"பெரிய வெள்ளியில யாரும் தொழிலுக்குப் போவ மாட்டாங்க. கைப்பிள்ளை முதற்கொண்டு எல்லாரும் தேரிக்கு வருவாங்க. கடல்லயும் ஆள் இல்ல, வீட்டுலயும் ஆள் இல்ல. இப்படி ஒரு நாள் இனி அடுத்த வருசம்தான் சாமி. அதுவரைக்கும் அந்தப் பெட்டி தாங்காது."

சாமியார் கதவை மெல்லச் சாத்தினார். "யார் எடுக்கது?"

"நான் மாட்டுனது. நானே எடுக்கேன்."

"நான் பிரசங்கத்த நீட்டுதேன்," என்றார் சாமியார். "நீ ஓடி வந்துரணும்."

மறுநாள் இரண்டு மணிக்கு ஊர் முழுதும் கறுப்பும் ஊதாவும் உடுத்தி, மரக்கட்டை முன்னே தட்டிப்போக, மேற்கே செம்மண் மேடாக உயர்ந்து கிடக்கும் தேரியை நோக்கி நடந்தது. வழியில் ஜெபத்துக்கு நிற்கும் ஸ்தலங்களில் மூன்றாவதில் டெல்பினா பின்தங்கினாள், நான்காம் ஸ்தலத்தில் பனங்காட்டுக்குள் ஒதுங்கித் திரும்பினாள். ஊர்த் தெருக்களில் நாய்கூட இல்லை. கோயில் அறைக்கு வந்து கதவைத் திறந்தபோது மச்சாது உள்ளே நாற்காலி போட்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"முட்டு வலி. ஏற முடியாதுன்னு இருந்துட்டேன்," என்றார். பிறகு, "நீ வருவேன்னு தெரியும்."

அவர் தோளுக்கு மேலாக அவள் எண்ணைப் பார்த்தாள். இருபத்து நான்கு. காலையில் முப்பத்தொன்றாக இருந்தது.

"மாமா, எழுந்திரிங்க. நான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போறேன்."

"அந்த மணலுலருந்து பதினோரு பேரத் தூக்கியிருக்கேன் மகளே. ஒந் தம்பியையும் நாந்தான் தூக்குனேன். பத்து மாசமா ஒருத்தரத் தூக்கல. நீ எடுத்தா அது வரும். எடுக்கலன்னா நிக்கும்."

"நிக்கல மாமா. கேளுங்க."

இருவரும் கேட்டார்கள். ஓர் அலை விழுந்தது. சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி, மெல்ல அணைந்து, யோசித்து, மறுபடி மின்னியது. நாற்பது விநாடிக்குப் பிறகு அடுத்த அலை விழுந்தபோது கண்ணாடியில் இருபத்திரண்டு. அந்த மௌனத்துக்குள் வேறொரு ஒலி இருந்தது, தொலைவில் பெரிய உடம்பு ஒன்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதைப் போல, வெளியே விடாமல், இழுத்துக்கொண்டே. மச்சாது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார், மாட்டிக்கொண்டார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கீபோர்டுக்குப் பின்னால் கைவிட்டு வயரை இழுத்தாள்.

விளக்கு அணைந்தது. எண் அழிந்தது. அடுத்த அலைக்கான நேரம் வந்தது, போனது, அலை வரவில்லை. அவள் பிறந்த நாள் முதல் ஒரு நொடியும் விடாமல் காதில் இருந்த கடலின் ஓசை அந்தக் கரையில் இல்லாமல் போனது. "மாமா!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள், கனத்த உடம்பு, அவர் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். "போ. ஓடு," என்றார். மறுபடி இழுத்தாள். அவர் தன் பலமெல்லாம் சேர்த்து அவளை வாசலுக்குத் தள்ளினார்.

வெளியே வந்தவள் கிழக்கே திரும்பினாள். அது புறப்பட்டிருந்தது. சத்தமே இல்லாமல், பத்து மாதம் கட்டிப்போட்ட அத்தனை அலைகளும் ஒன்றாக, அவசரமில்லாமல் வந்தது. அதன் குளிர்காற்று அதற்கு முன்னால் மணலில் ஏறி, வள்ளங்களின் மேல் ஏறி, அவள் கால்களைத் தொட்டது. ஓடினாள். பனங்காட்டின் தொடக்கத்தில் யாருடைய மொபெட்டிலோ கஸ்பார் எதிரே வந்தான். எட்டாம் ஸ்தலத்தில் அவளைக் காணாமல் சாமியாரின் முகத்தைப் பார்த்தவன், அந்த முகத்தில் படித்துவிட்டு வந்திருந்தான். வண்டியைத் திருப்பி அவளை ஏற்றிக்கொண்டான். பின்னால் முதல் வீட்டின் ஓடுகள் உடையும் சத்தம் கேட்டபோது வண்டி செம்மணலில் புதைந்தது, அதைப் போட்டுவிட்டுக் கையும் காலுமாக ஏறினார்கள், மேலே ஊர் முழுதும் மண்டியிட்டபடியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, சாமியார் மட்டும் பிரசங்கத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார், அவர் என்ன பேசினார் என்று அவருக்கே பிற்பாடு ஞாபகமில்லை. தண்ணீர் தேரியின் அடிவாரம்வரை வந்து, செம்மண்ணைக் கரைத்துச் சிவந்து, மூன்று நாள் அங்கேயே கிடந்து, உயிர்ப்பு ஞாயிறு அன்று இறங்கியது.

ஊரில் சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. கோயில் அறை இருந்த இடத்தில் மணல் இருந்தது. பெட்டி போயிற்று, கீபோர்டு போயிற்று, மச்சாது கிடைக்கவில்லை. வேறு ஓர் உயிரும் போகவில்லை. தேரியின் சரிவில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. டெல்பினாதான் எடுத்தாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, தைக்கத் துணி கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

கடல் பழைய கடலாயிற்று. ஓர் அலை ஆளுயரம், அடுத்தது கணுக்கால், மூன்று சேர்ந்து வரும், பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. வயதானவர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் தோள்களுக்குப் பழைய புத்தி திரும்பியது. அந்த ஏழு இளவட்டங்களுக்குத் திரும்புவதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் கற்றுக்கொண்டது பதினாறு மட்டும்தான். கஸ்பார் சொல்லிக்கொடுத்தான், திட்டினான், பிடரியில் ஒரு போடும் போட்டான். கச்சான் ஏறிய ஆனி மாதத்தில் ஒரு காலை, வள்ளத்தின் பின்தலையில் நின்ற ரெனால்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான், பதினான்கு வரட்டும் என்று நின்றான், அலை ஒன்பதில் வந்தது. கஸ்பார் வள்ளத்தோடு கரையில் எறியப்பட்டான். ரெனால்டைத் தேடி எடுக்க மச்சாது இல்லாததால் மூன்று பேர் இறங்கினார்கள், மத்தியானம் ஆயிற்று.

அடக்கம் மறுநாள். டெல்பினா போனாள், கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். கொட்டகைக்கு வந்து தகரச் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. சலேத்மேரி. அடக்கத்துக்கு உடுத்திய சேலையோடு, காலில் கல்லறைத்தோட்டத்து மண்ணோடு, தனியாக வந்திருந்தாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஊரை எழுப்பும் அந்தத் தொண்டையில் அன்று காற்றுதான் வந்தது.

"நீதானே எடுத்த?"

"நாந்தான் யக்கா."

"எடுக்காம இருந்தா எம் பிள்ளை இருந்திருப்பான்."

சலேத்மேரி தரையை விரலால் கீறிக்கொண்டே இருந்தாள்.

"பெரிய வெள்ளிக்கு மொத நாளு அவன் அந்தத் தண்ணிக்குக் கீழ நின்னுட்டு வந்தான். அம்மா, அது என் பேரச் சொல்லுதுன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். நான் ஒங்கிட்டகூடச் சொல்லல." அவள் நிமிர்ந்தாள். "கேளு. கமிட்டிக்காரங்க இப்ப வருவாங்க. நாகர்கோவில்ல இன்னொரு பெட்டி இருக்காம், பேசி வச்சுட்டாங்க. சேத்து மாட்ட ஒனக்குத்தான் தெரியுமாம். எம் பிள்ள பேரச் சொல்லி, மாட்டிக் குடுன்னு கேப்பாங்க. குடுத்துராத."

"யக்கா..."

"எம் பிள்ள பேரச் சொன்னாலும் குடுத்துராத. நான் சொன்னேன்னு வை." அவள் எழுந்தாள், சேலையைத் தட்டிக்கொள்ளவில்லை, பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவர்கள் வந்தார்கள். அடிவாரத்திலிருந்து செம்மணல் சரிவில் நாற்பது ஐம்பது பேர் ஏறி வந்தார்கள், யாரும் முந்தவில்லை, பிந்தவில்லை. மணலில் ஒருவன் கால் புதையும்போது எல்லோருடைய காலும் புதைந்தது, ஒருவன் கால் எழும்போது எல்லோருடைய காலும் எழுந்தது. டெல்பினா கதவைத் திறந்து வாசலை மறித்து நின்றாள். முன்வரிசையில் கமிட்டியின் புதுத் தலைவர், அவருக்குப் பக்கத்தில், நெற்றியில் கட்டுப் போட்டபடி, அவர்களுடைய நடையிலேயே நடந்து கஸ்பார்.

"பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு நேரா வாறோம்மா," என்று தொடங்கினார் தலைவர்.

"எதுக்கு வாறீங்கன்னு தெரியும்," என்றாள் டெல்பினா. "மாட்ட மாட்டேன்."

அவள் கஸ்பாரைப் பார்த்தாள். அவன் பார்வையை எடுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் சம்மதிக்கும்வரை எழப்போவதில்லை என்பவன்போல வாசலுக்கு எதிரே மணலில் மெல்ல உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் தலைவர் உட்கார்ந்தார், அடுத்தவர், அதற்கு அடுத்தவர், கடைசி ஆள்வரை, எல்லோரும் அவள் கதவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.